நோயுள்ள வீட்டில் நோன்பும் பண்டிகையும்

ஆடி பிறப்பதற்கு இரண்டு நாள்களுக்கு முன்பு, எங்கள் டயாலிசிஸ் பிரிவில் ஓர் அம்மையார் தம் மகளிடம் சினந்துகொண்டிருந்தார். பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். வாரம் மூன்று முறை பேருந்தில் வந்து செல்பவர். ஊசி ஏறும்போதுகூட முகம் சுளிக்காதவர். "எனக்கு ஒடம்பு முடியலன்னா ஊர்ல ஆடி பொறக்காதா?" என்பது அவருடைய கேள்வி. அம்மா இப்படி இருக்கும்போது நமக்கென்ன பண்டிகை என்று வீட்டார் கூடிப் பேசி, அவ்வாண்டு தேங்காய் சுட வேண்டாம் என முடிவு செய்திருந்தனர். அன்பினால் எடுத்த முடிவுதான். ஆனால் அவர் மனத்தில் அது வேறாகப் பதிந்தது: பேரப் பிள்ளைகளின் நோன்பு தன்னால் நின்றுபோயிற்று.

இந்த முடிவை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். வீட்டில் ஒருவர் நோயுற்றால் முதலில் நிற்பது விருந்து, பிறகு கோலம், பிறகு விளக்கும் சுருங்கிவிடுகிறது. இதற்கு நேர்மாறானதையும் பார்க்கிறோம். பொங்கல் நெருங்கும்போது, வேண்டாமென்று மருத்துவர் சொல்லியும் கையெழுத்திட்டுவிட்டு வீட்டுக்குப் புறப்படுவோர் உண்டு. காசநோய்க்கு ஆறு மாதம் இடைவிடாமல் உண்ண வேண்டிய மாத்திரையைப் பண்டிகை வாரத்தில் மறந்துவிட்டு வருவோரும் உண்டு. முழுவதும் விடுவது, அல்லது முழுவதும் கொண்டாடுவது என இரண்டே வழிகள்தாம் இருப்பதாக எண்ணுவதால் வரும் துன்பம் இது. நம் மாவட்டத்தின் பண்டிகைகள் பெரும்பாலும் கையால் செய்பவை. காசு அதிகம் கேட்காதவை. பல சிறு வேலைகளாகப் பிரிக்கத் தக்கவை. அவற்றுள் ஒரு வேலையையேனும் படுக்கையிலிருந்தபடியே செய்ய இயலும்.

தேங்காய் சுடுவதையே எடுத்துக்கொள்வோம். சேலம், நாமக்கல், ஈரோடு, தருமபுரிப் பகுதிகளில் ஆடி முதல் நாளின் அடையாளம் அது. வேறு மாவட்டத்திலிருந்து இங்கு பணிக்கு வந்த செவிலியர் சிலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை என்றபோது நாங்கள்தாம் வியந்தோம். நாரை முழுவதும் உரித்த தேங்காயைக் கல்லில் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். மூன்று கண்களில் ஒன்றைத் துளைத்து, உள்ளிருக்கும் நீரைப் பாத்திரத்தில் வடிப்பார்கள். பச்சரிசி அல்லது அவல், பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, எள், வெல்லம், சிறிது ஏலக்காய் ஆகியவற்றைக் கலந்து துளை வழியே நிரப்பி, வடித்த நீரில் கொஞ்சத்தை மீண்டும் ஊற்றுவார்கள். உள்ளிருக்கும் பருப்பும் அரிசியும் வேக வேண்டுமே! நீண்ட அழிஞ்சிக் குச்சியின் நுனியைச் சீவி அத்துளையில் இறுக்கமாகச் செருகி, காய்க்கும் குச்சிக்கும் மஞ்சள் பூசுவார்கள். மாலையில் தெருவில் தீ மூட்டி, பிள்ளைகள் ஆளுக்கொரு குச்சியைப் பிடித்துக்கொண்டு சுற்றி நிற்பார்கள். ஓடு கருகி வெடிக்கத் தொடங்கினால் பதம். பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்தால், புகை மணத்தோடு வெந்த பூரணமும் மெத்தென்ற தேங்காயும் கிடைக்கும். பாரதப் போர் ஆடி முதல் நாளில் தொடங்கிப் பதினெட்டாம் நாளில் முடிந்தது என்றும், அப்போரின் நினைவாகவே தேங்காய் சுடுகிறோம் என்றும் பெரியவர்கள் கதை சொல்வார்கள்.

இதில் எத்தனை வேலைகள் உள்ளன, பாருங்கள். அந்த அம்மையாரின் மகளிடம் நாங்கள் சொன்னதும் அதைத்தான். தீயை மருத்துவமனைக்குக் கொண்டுவர இயலாது. ஆனால் பருப்பு ஆய்வதற்குத் தீ வேண்டாம், ஏலக்காய் உரிப்பதற்குத் தீ வேண்டாம். மறுமுறை வந்தபோது ஒரு கைப்பை நிறையக் குச்சிகள் வந்தன. டயாலிசிஸ் முடிந்து ஓய்விலிருந்த வேளையில், ஊசி ஏறாத கையால் அவற்றுக்கு மஞ்சள் பூசினார் அவர். எந்தக் கண்ணைத் துளைக்க வேண்டும், எவ்வளவு நீர் விட வேண்டும் என்று பேத்திக்குத் தொலைபேசியில் பாடம் நடந்தது. பேத்தி முதலில் தவறான கண்ணில் ஆணியை வைத்தாள் என்பதைப் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் அனைவரும் அறிந்தோம்.

உண்பதில் மட்டும் கண்டிப்பு வேண்டும். சிறுநீரகம் செயலிழந்தவர் உடலில் பொட்டாசியம் வெளியேறாமல் தேங்கும். அது அளவு மீறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், நின்றும் போகலாம். தேங்காய் நீரிலும் இளநீரிலும் பொட்டாசியம் மிகுதி. ஆகவே டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு அவை கூடாது. பருப்பு, எள், வெல்லம், தேங்காய் ஆகியவையும் தாராளமாக உண்ணத் தக்கவை அல்ல. அம்மையாருக்கு, அன்றைய இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த பின்னர் எங்கள் உணவியல் ஆலோசகர் அரைக் கரண்டி பூரணத்துக்கு ஒப்புதல் தந்தார். இது அவர் ஒருவருக்குரிய அளவு. உங்களுக்குரிய அளவை நீங்களே கேட்டறிய வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கும் ஒரு சொல்: வெல்லம் என்பதால் சர்க்கரை ஏறாது என்று எண்ண வேண்டாம். வெல்லமும் ஏற்றும்.

ஆடியில் விரதங்களும் மிகுதி. செவ்வாய், வெள்ளி உண்ணாதிருக்கும் வழக்கமுள்ள பெண்கள், இன்சுலினையோ சர்க்கரை மாத்திரையையோ வழக்கம்போல் எடுத்துக்கொண்டு வயிற்றைக் காயப் போடுவது மிகவும் ஆபத்தானது. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் ஆகியவை தோன்றினால் அது அருள் அன்று. சர்க்கரை இறங்கிவிட்டது என்று பொருள். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். விரதத்தை விட மனமில்லாதவர்கள் அதற்கு முந்தைய வாரமே வந்து கேட்டால், மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்ற இயலுமா என்று மருத்துவர் பார்த்துச் சொல்வார்.

ஆடிப் பதினெட்டு அன்று ஒகேனக்கல்லில் கூடும் கூட்டத்தை நாம் அறிவோம். ஆறாத புண் உள்ளவர்களும், கழுத்திலோ தொடையிலோ டயாலிசிஸ் குழாய் பொருத்தியவர்களும் ஆற்றில் மூழ்கக் கூடாது. குழாய் வழியே கிருமி நேரே இரத்தத்தில் கலக்கும். சொம்பில் நீர் நிறைத்து, மஞ்சளிட்டு, வீட்டு முற்றத்திலேயே காவிரியை வணங்கிக்கொள்ளும் குடும்பங்கள் பல உள்ளன. அன்று கையில் கட்டும் மஞ்சள் கயிற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்த கையில் கயிறு, வளையல், கைக்கடிகாரம் எதுவும் இறுகக் கட்டக் கூடாது. அந்த இணைப்பு அடைபட்டால் மீண்டும் அறுவை செய்ய நேரிடும். மற்றக் கையில் கட்டுங்கள். கட்டுபவர் பூசாரியானாலும், பெரியம்மாவானாலும் தயங்காமல் சொல்லுங்கள்.

கார்த்திகைக்கு வருவோம். கடையில் வாங்கும் மத்தாப்பு இல்லாத காலத்திலும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தீப்பொறி மழை இருந்தது. ஆண் பனையின் காய்ந்த பூவைக் குழியில் இட்டு எரித்து, நன்கு கனன்றதும் மண்ணால் மூடிவிட்டால் மறுநாள் கரியாகக் கிடைக்கும். அதை இடித்துப் பொடித்து, பழைய பருத்தித் துணியில் சுருட்டிக் கட்டி, பிளந்த பனை மட்டைகளுக்கு நடுவே வைத்து இறுக்கி, கயிற்றில் பிணைத்து, நெருப்பு வைத்துத் தலைக்கு மேலே சுழற்றினால் பொன்னிறப் பொறிகள் வட்டமாகச் சிதறும். இதுவே மாவலி. இதைச் செய்யத் தெரிந்த தாத்தாக்கள் குறைந்துவருகிறார்கள். எனவே உங்கள் வீட்டுத் தாத்தா பக்கவாதத்துக்குப் பின் திண்ணையில் அமர்ந்திருக்கிறார் என்றால், கயிறு முடிவதையும் துணி சுருட்டுவதையும் அவரிடம் விடுங்கள். நேரம் ஆகும், ஆகட்டும். கரி இடிக்கும் தூசும் புகையும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. அவர்கள் காற்றின் எதிர்ப்புறம் தள்ளி அமர்ந்து பார்க்கலாம்.

மாவலி சுற்றுபவர் பருத்தி ஆடை அணிய வேண்டும். பாலியஸ்டர் ஆடையில் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தீக்காயம் பட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். மையும் பற்பசையும் மாவும் பூசி வருவோரின் காயத்தை, அவற்றைக் கழுவிய பின்னரே எங்களால் பார்க்க முடிகிறது. அந்தக் கழுவலில் பிள்ளைகள் படும் வேதனையைக் கண்டவர்கள் பிறகு ஒருபோதும் பூச மாட்டார்கள்.

அகல் விளக்குக்குத் திரி திரிப்பது இரு கைகளுக்கும் விரல்களுக்கும் நல்ல பயிற்சி. பஞ்சைப் பிரித்து உள்ளங்கைகளுக்கிடையே உருட்டும் அசைவை எங்கள் இயன்முறை மருத்துவர்களும் விரும்புகிறார்கள். ஆனால் வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டரோ ஆக்சிஜன் செறிவூட்டியோ பயன்படுத்துவோர் விளக்கை அவ்வறையில் ஏற்றவே கூடாது. குறைந்தது பத்து அடி தள்ளி, இயன்றால் வாசலில் வையுங்கள். கை தூய்மைக்குத் தரும் சாராயக் கலவை நீர்மம் நன்கு உலர்ந்த பின்னரே தீக்குச்சியைத் தொடுங்கள். விழுங்குவதில் இடர் உள்ள முதியவருக்குப் பொரி உருண்டை தர வேண்டாம். உதிர்ந்த பொரி மூச்சுக் குழாய்க்குள் எளிதில் போய்விடும்.

தைப் பொங்கலுக்கு முதல் நாள் காப்புக் கட்டுவது மிக எளிய சடங்கு. எங்களுக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துச் சிறு கொத்தாகக் கட்டிக் கூரையிலும் தொழுவத்திலும் வயலிலும் செருகுவார்கள். செலவு எதுவுமில்லை, வரப்போரம் நடந்தால் போதும். கொத்துக் கட்டும் வேலை படுக்கையில் இருப்பவருக்கு ஏற்றது. புற்றுநோய் மருந்து ஏறி வெள்ளணுக்கள் குறைந்திருப்பவருக்கு மட்டும் இது ஏற்றதன்று. மண்ணும் பச்சைப் பூவும் அவருக்குத் தொற்றைக் கொண்டுவரக் கூடும். அவர் எண்ணிக்கை சொல்லட்டும், கொத்தை மற்றவர் கட்டட்டும். பூளைப்பூச் செடியைக் கல்லடைப்புக்குக் கஷாயம் வைத்துக் குடிக்கும் வழக்கமும் நம் பக்கம் உண்டு. சிறுநீரக நோய்க்கு மருந்து உண்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் அதைத் தொட வேண்டாம். போகித் தீயில் டயரைப் போடுவோரைப் பற்றி எழுதி எழுதிக் கை சலித்துவிட்டது.

மாசி, பங்குனியில் புளி. திண்ணையில் வட்டமாக அமர்ந்து ஓடு தட்டி, நாரும் கொட்டையும் எடுக்கும் வேலையைப் பண்டிகை என்று யாரும் சொல்வதில்லை. ஆயினும் வீட்டுப் பேச்சு அதிகம் நடப்பது அங்குதான். அதே பருவத்தில் வேம்பு பூக்கும். நம் மாவட்டத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் உகாதியன்று வேப்பம்பூ, மாங்காய், வெல்லம், புளி, உப்பு, காரம் சேர்த்துப் பச்சடி செய்கின்றன. ஆறு சுவையும் ஒரே கரண்டியில் அடங்குவதால், உப்பையும் வெல்லத்தையும் சற்றுக் குறைத்துவிட்டால் இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ள பெரும்பாலோர் ஒரு கரண்டி சுவைக்கத் தடையில்லை.

கையால் செய்வதைப் பற்றிப் பேசும்போது சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கிடையே உள்ள சிட்லிங்கியை விட்டுவிட முடியாது. 1993-இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் அங்கே ஒரு குடிசையில் பழங்குடியினர்க்கான மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். அங்கு வாழும் லம்பாடிப் பெண்களின் தையல் வேலைப்பாடு, ஓரிரு மூத்த பெண்களைத் தவிர எவருக்கும் தெரியாததாய் மறைந்துகொண்டிருந்தது. அம்மூத்தவர்களிடம் இளம்பெண்கள் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டதிலிருந்து உருவானதே ‘போர்கை’ என்னும் கைவினைக் குழு. லம்பாடி மொழியில் அச்சொல்லுக்குப் பெருமை என்று பொருள். மருத்துவம் பார்க்க வந்தவர்களுக்குத் தையலில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கக் கூடும். டயாலிசிஸ் நாற்காலியில் நான்கு மணி நேரம் ஒருவரைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கும் மகளுக்கோ மருமகளுக்கோ, ஒரு சதுரத் துணியும் நூலும் என்ன செய்யும் என்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். எங்கள் காத்திருப்புக் கூடத்தில் இப்போது மூன்று பேர் தைக்கிறார்கள். ஒருவர் மட்டும் தைத்ததைப் பிரித்துப் பிரித்துத் தைக்கிறார், மனக்கவலை அவ்வளவு.

இனி வேண்டுகோள் ஒன்று. பண்டிகை நாளுக்காக டயாலிசிஸ் நேரத்தை மாற்ற வேண்டுவோர் ஒரு வாரம் முன்னதாகவே பிரிவுச் செவிலியரிடம் எழுதிக் கொடுங்கள். முந்தைய நாளுக்கோ அன்று அதிகாலைக்கோ இடம் மாற்றித் தர முயல்வோம். ஒரு முறையையும் விட்டுவிடாதீர்கள். காசநோய், வலிப்பு, இரத்த அழுத்த மாத்திரைகளை ஊருக்குச் செல்லும் நாள்களையும் கணக்கிட்டு, இரண்டு நாளுக்குக் கூடுதலாகவே எடுத்துச் செல்லுங்கள். பேருந்து கிடைக்காமல் தங்கிவிடுவது நம் ஊரில் புதிதன்று.

பென்னாகரத்து அம்மையார் இவ்வாண்டு ஆடிக்கான தம் சீட்டைச் சித்திரையிலேயே கொடுத்துவிட்டார். முதல் நாள் காலை ஐந்து மணிக்கு வந்து ஒன்பதுக்குள் முடித்துக்கொண்டு போக வேண்டுமாம். மாலையில் தெருவில் நாற்காலி போட்டு அமர்ந்து, பேத்தி எந்தக் கண்ணைத் துளைக்கிறாள் என்று தாமே பார்க்க வேண்டுமாம்.