காயம்பட்ட பெட்டா மீனைத் தேற்றுவது எப்படி?

பெட்டா மீனின் தாயகம் தாய்லாந்து. அங்கே வயல்களிலும் சதுப்புகளிலும் ஆழம் குறைந்த, ஓட்டமில்லாத தண்ணீரில் வாழும் சிறு மீன் இது. முழுதாக வளர்ந்தாலும் 6, 7 செ.மீ. நீளம்தான் இருக்கும். 1910இல் சார்லஸ் டேட் ரீகன் இதற்கு ‘பெட்டா ஸ்ப்ளென்டென்ஸ்’ என்று அறிவியல் பெயரிட்டார். தாய்லாந்து அரசு 2019இல் இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. நம் ஊர் மீன் கடைகளில் இதற்கு ஃபைட்டர் என்று பெயர். இரண்டு ஆண் மீன்கள் ஒரே தொட்டியில் இருந்தால் ஒன்றின் துடுப்பை மற்றொன்று கடித்துக் குதறிவிடும். அதனால்தான் சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் ஆண் மீன்களைத் தனித்தனியே அடைத்து விற்கிறார்கள்.

இயற்கையில் வாழும் பெட்டாவின் துடுப்புகள் குட்டையானவை. வீட்டுத் தொட்டிக்கு வரும் மீனோ நீண்ட வாலுக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட வகை. எலும்புக் கதிர்களுக்கு நடுவே மெல்லிய சவ்வு விரிந்த அந்த வால், கூரான எதில் உரசினாலும் கிழியும். பிளாஸ்டிக் செடி, சொரசொரப்பான கல், வேகமாக இழுக்கும் ஃபில்டர் ஆகியவையே பெரும்பாலான காயங்களுக்குக் காரணம். சில மீன்கள் நெருக்கடியான இடத்தில் அடைபட்டால் தம் வாலைத் தாமே கடித்துக்கொள்வதும் உண்டு.

சின்னக் கிழிசல்தானே என்று விட்டுவிட முடியாது. நன்னீர் மீனின் உடலுக்குள் இருக்கும் உப்பின் அளவு, சுற்றியுள்ள தண்ணீரில் இருப்பதைவிட அதிகம். அதனால் தண்ணீர் ஓயாமல் உடலுக்குள் ஊறிக்கொண்டே இருக்கும். சிறுநீரகம் அதை ஓயாமல் வெளியேற்றும். தோலும் அதன் மேலுள்ள வழவழப்பான சளிப்படலமும் இந்த ஊறலைப் பெருமளவு தடுக்கின்றன. காயம் பட்ட இடத்தில் அந்தத் தடுப்பு இல்லை. அங்கே தண்ணீர் உள்ளே வருகிறது, உப்பு வெளியேறுகிறது, தொற்றுக் கிருமிகளுக்கும் வழி திறக்கிறது. ஆறுவதற்குச் செலவிட வேண்டிய சக்தியை மீன் இந்தச் சமநிலையைக் காப்பதிலேயே தீர்த்துவிடுகிறது.

ஆகவே சிகிச்சை தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும். மருந்துப் புட்டியைத் தேடி ஓடுவது அதற்குப் பிறகு. மூன்று முதல் ஐந்து லிட்டர் கொள்ளும் சுத்தமான பிளாஸ்டிக் டப்பா ஒன்று போதும். ஒரு சாண் உயரத்துக்கு மேல் தண்ணீர் வேண்டாம். பெட்டா செவுளால் மட்டுமல்லாமல், தலைக்குள் இருக்கும் லேபிரிந்த் என்ற உறுப்பாலும் மேற்பரப்பிலிருந்து காற்றை எடுத்துச் சுவாசிக்கிறது. தளர்ந்த மீன் ஒவ்வொரு மூச்சுக்கும் நெடுந்தூரம் மேலே நீந்திவரக் கூடாது. மீனை வலையால் பிடித்தால் கிழிசல் பெரிதாகும். ஒரு கிண்ணத்தில் தண்ணீரோடு மொண்டு மாற்ற வேண்டும். டப்பாவை மூடி, காற்றுக்குச் சிறு துளைகள் விட்டால், மேலே உள்ள காற்றும் வெதுவெதுப்பாக இருக்கும். மீன் எகிறிக் குதிக்கவும் வழி இருக்காது. தண்ணீரின் வெப்பம் 26, 27 டிகிரி செல்சியஸ் இருப்பது நல்லது.

குழாய்த் தண்ணீரில் கிருமிநாசினியாகக் குளோரினோ குளோரமினோ இருக்கும். ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும், ஆனால் குளோரமின் போகாது. அதற்குக் குளோரின் நீக்கிச் சொட்டுகள் தேவை. இன்னொரு ஆபத்து அம்மோனியா. மீன் தன் செவுள் வழியாகவே அதை வெளியேற்றுகிறது. பழகிய தொட்டியில் அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் இருக்கும். புது டப்பாவில் இருக்காது. அதனால் நாள்தோறும் பாதிக்குக் குறையாமல் தண்ணீரை மாற்றியாக வேண்டும். புதுத் தண்ணீரின் வெப்பமும் பழையதன் வெப்பமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சாதாரணக் கிழிசலுக்கு இவ்வளவே போதும். ஓரம் சிவந்தோ கறுத்தோ இருந்து, நாளுக்கு நாள் வால் குறைந்துகொண்டே வந்தால் அது துடுப்பு அழுகல். அதன் தொடக்க நிலையில் உப்பு உதவும்: அயோடின் சேர்க்காத கல் உப்பு, லிட்டருக்கு ஒரு கிராம். அதைத் தனிக் குவளையில் முழுதாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். தேவைப்பட்டால் இரண்டு மூன்று நாளில் லிட்டருக்கு இரண்டு, மூன்று கிராம் வரை கூட்டலாம். தண்ணீர் ஆவியானாலும் உப்பு ஆவியாகாது. எனவே வெளியே எடுத்துக் கொட்டிய தண்ணீருக்கு உரிய உப்பை மட்டுமே திரும்பச் சேர்க்க வேண்டும். இந்தக் கணக்குத் தவறி மீன் இறப்பது சகஜம். பத்து நாளைக்கு மேல் உப்பு வேண்டாம்.

நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்த இலையை ஊறவைப்பது தென்கிழக்கு ஆசிய மீன் வளர்ப்பவர்களின் பழைய வழக்கம். இலையின் டானின் தண்ணீரைத் தேநீர் நிறமாக்கி, லேசாக அமிலத்தன்மை தருகிறது. கிருமிகளையும் ஓரளவு அடக்குகிறது. நம் தெருக்களிலேயே உதிர்ந்து கிடக்கும் இலை இது. பூச்சிமருந்து படாத இடத்தில் பொறுக்கிக் கழுவிப் பயன்படுத்தலாம்.

பஞ்சு போன்ற வெள்ளைப் படலமோ, முதுகில் சேணம் வைத்தாற்போல் வெளிறிய திட்டோ தெரிந்தால் நிலைமை வேறு. பின்னது பெரும்பாலும் காலம்னாரிஸ் என்னும் பாக்டீரியா நோய். வெப்பம் கூடினால் அது இன்னும் வேகமாகப் பரவும். மீனைச் சில நாளிலேயே கொன்றுவிடும். அப்போது மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவரின் யோசனைப்படி ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும். கண்ட மருந்துகளைக் கலந்து ஊற்றினால் நோயை முந்திக்கொண்டு மருந்தே மீனைக் கொல்லக்கூடும்.

டப்பாவுக்கு மாற்றிய முதல் நாள் மீனுக்கு உணவு வேண்டாம். பிறகு ஊறவைத்த மீன் தீவனக் குருணை இரண்டு மூன்று, அல்லது உறைந்த ரத்தப்புழு, டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளு கொடுக்கலாம். மிச்சத்தை உடனே எடுத்துவிட வேண்டும்.

ஆறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காயத்தின் விளிம்பைத் தோல் செல்கள் விரைவில் மூடுகின்றன. அதன் அடியில் திரளும் இளம் செல்களிலிருந்து கதிரும் சவ்வும் மறுபடி வளர்கின்றன. பழைய நிறத்துக்கு வெளியே கண்ணாடிபோல் நிறமற்ற ஒரு கரை தோன்றும். புதிதாக மீன் வளர்ப்பவர்கள் இதை நோய் என்று பயப்படுவதுண்டு, ஆனால் அதுதான் புதுத் துடுப்பு. சிறு கிழிசல் ஓரிரு வாரத்தில் சேரும். பாதி வால் போயிருந்தால் ஒன்றிரண்டு மாதம் ஆகும். துடுப்பு அடியோடு, உடல்வரை அழிந்திருந்தால் முழுதாக வளராது.

மீன் துடுப்பை விரித்து நீந்தி, உணவுக்கு ஓடி வந்தால் பழைய தொட்டிக்குத் திருப்பலாம். அதற்குமுன் தொட்டியில் உள்ள ஒவ்வொரு பொருளின் மேலும் மெல்லிய நைலான் துணியை இழுத்துப் பாருங்கள். துணி மாட்டுகிற பொருள் எதுவானாலும் அதை வெளியே எடுத்துவிடுங்கள்.