பெயர் ஒன்று, பொருள் வேறு: மென்பொருட் பொதிகளை மேம்படுத்தும் முறை

கணினி மென்பொருளின் பதிப்பெண் மாறாதாயின் அதன் பொருளும் மாறவில்லை என்று நம்மிற் பலர் கருதுவர். இக்கருத்து எப்பொழுதும் பொருந்துவதன்று. ஒரே மூலநிரலை வேறொரு கட்டுமானத் தெரிவுடன் தொகுப்பின், விளையும் பொதி வேறாதல் கூடும். இதற்குத் தக்க சான்று, டெபியன் லினக்ஸ் குழுவினர் 2024ஆம் ஆண்டில் மேற்கொண்ட பெருமாற்றமாகும்.

லினக்ஸ் காலத்தை 1970 சனவரி 1 முதலாகக் கழிந்த செக்கன்களின் தொகையாகக் கணிக்கின்றது. குறியுடைய 32 பிட் இடத்தில் அடங்கும் மிகப்பெரிய தொகை 2,147,483,647 ஆகும். 2038 சனவரி 19இல் அவ்விடம் நிரம்பிவிடும். அடுத்த செக்கனிற் கணினி 1901ஆம் ஆண்டைக் காட்டும். இதனைத் தவிர்க்க, 32 பிட் கணினிகளிலும் காலத்தை 64 பிட்டாக வைத்துக்கொள்ளும் தெரிவு 2021இல் வெளியான கிளிப்சி 2.34 பதிப்பில் இடம்பெற்றது.

தெரிவை மாற்றுதல் எளிது, விளைவோ பெரிது. வரவுப் பதிவேடொன்றில் ஓர் ஆசிரியர் நடுவே புதிய நிரலொன்றைச் சேர்க்கிறார் என்க. அதனை அறியாத மற்றோர் ஆசிரியர், நான்காம் நிரலைப் பழைய பொருளிலேயே படிப்பாராயின் கணக்கு முழுவதும் பிழைபடும். அவ்வாறே, நான்கு பைட்டு இடம் எட்டாக விரியும்போது அதன்பின் நிற்கும் தரவுகள் யாவும் இடம்பெயர்கின்றன. பழைய முறையிற் தொகுத்த செயலி புதிய நூலகத்தோடு கூடினால், எச்சரிக்கை யாதுமின்றியே பிழையான தரவைப் படிக்கவும் எழுதவும் கூடும்.

டெபியன் குழுவினர் கண்ட தீர்வு பெயரை மாற்றுவதாகும். தாக்கமுற்ற நூலகப் பொதிகளின் பெயரீற்றில் 'டி64' என்னும் குறியைச் சேர்த்தனர். அவற்றைச் சார்ந்த செயலிகளையும் மீளத் தொகுத்தனர். பழையதும் புதியதும் ஒருங்கே நிறுவப்படாதவாறு தடுத்தனர். ஆயினும், பழைய செயலிகள் தொடர்ந்து இயங்கவேண்டும் என்பதனால் ஐ386 வகைக்கு இம்மாற்றத்தைச் செய்திலர். இம்மாற்றத்துடன் டெபியன் 13 பதிப்பு 2025 ஓகத்தில் வெளிவந்தது.

இதிலிருந்து பயனர் கற்கவேண்டியவை சில உள. முதலாவது, மேம்படுத்துமுன் தரவுகளைப் படியெடுத்து வைத்தல். இரண்டாவது, நீக்கப்படவுள்ள பொதிகளின் பட்டியலை ஒத்திகையாகப் பார்த்தல். பழைய நூலகம் நீங்கி அதற்கிணையான புதியது வருமாயின் அச்சமில்லை, நாம் பயன்படுத்தும் செயலியே நீங்குமாயின் அங்கே நிறுத்துதல் வேண்டும். மூன்றாவது, மேம்படுத்தலை இடையில் விடாது முடித்தல். நான்காவது, நாமே தொகுத்து நிறுவிய செயலிகளை நாமே மீளத் தொகுத்தல். பொதி மேலாளர் அவற்றை அறியாது.

பொருள் மாறியவிடத்துப் பெயரும் மாறுதல் வேண்டும். பெயர் மாறாதவிடத்தும் பொருளை ஆராய்தல் வேண்டும். இவ்விரண்டும் கைக்கொள்ளப்படின் மேம்படுத்தல் இடராகாது.