எமுலேட்டர்களைத் திணறடித்த டெமோ

கணினியின் திறனைக் கடைசிச் சொட்டுவரை பிழிந்து, நகரும் ஓவியத்தையும் இசையையும் ஒருசேர நிகழ்த்திக்காட்டும் நிரலுக்கு ‘டெமோ’ என்று பெயர்; பழைய இயந்திரம் கைவசம் இல்லாத ஆர்வலர்கள், அதன் வன்பொருளை மென்பொருளாலேயே போலச்செய்யும் ‘எமுலேட்டர்’ வழியாக அதை ஓட்டிப்பார்க்கின்றனர். 2015-இல் ஜெர்மனியில் நடந்த ‘ரிவிஷன்’ விழாவில் பரிசு வென்ற ‘8088 எம்பிஎச்’ என்ற டெமோ, 1981-இல் வெளிவந்த ஐபிஎம் பிசியின் வரைகலை அட்டையை, படங்களுக்குப் பெரும்பாலும் நான்கே நிறங்கள் தந்துவந்த அந்த அட்டையை, ‘காம்போசிட்’ எனப்படும் பழைய தொலைக்காட்சிச் சமிக்ஞையில் நிறங்கள் கலக்கும் இயல்பைக் கொண்டு 1024 நிறங்கள் காட்டவைத்தது. 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகச் செயலியின் துடிப்புகளை எண்ணியெண்ணி எழுதப்பட்ட நிரல் என்பதால், அன்றைய எமுலேட்டர்களால் அதை முழுமையாக ஓட்ட இயலவில்லை. அலுவலக மென்பொருளுக்குப் போதுமாயிருந்த தோராயம் இங்கே செல்லுபடியாகவில்லை. துடிப்புக்குத் துடிப்பு துல்லியம் காக்கும் ‘மார்ட்டிபிசி’ போன்றவை பின்னரே வந்து அதை ஓட்டிக்காட்டின.