நம்ம வீட்ல ரெண்டு உளவாளி

ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன். நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து, ஐந்து சீட்டு எழுதி, மடித்துக் குலுக்கிப் போட்டு விளையாடாதவர் நம்ம காலேஜ்ல யாராவது இருக்கீங்களா? போலீஸ் சீட்டு வந்தவர் திருடனைக் கண்டுபிடிக்கணும். எப்படி? முகத்தைப் பார்த்துத்தான், வேற வழியே கிடையாது. சிரிப்பை அடக்கத் தெரியாத திருடன் மாட்டுவான், தெரிந்தவன் தப்பிப்பான். அவ்வளவுதான் ஆட்டம்.

இந்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது இதற்கு அண்ணன் முறையில் ஒரு விளையாட்டைக் கற்றுக்கொண்டு போங்கள். பெயர் 'தி ரெசிஸ்டன்ஸ்'. டான் எஸ்கிரிட்ஜ் வடிவமைத்தது. இதற்கும் முன்னோடி 'மாஃபியா'. 1980-களின் பின்பாதியில் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்த டிமித்ரி டேவிடோஃப் உருவாக்கியது அது. ஆனால் மாஃபியாவில் சுற்றுக்குச் சுற்று ஆள் அவுட் ஆவார். வீட்ல ஆடினா அதுதான் சிக்கல். முதல் சுற்றிலேயே பாட்டி அவுட் ஆனால் அவர் சீரியல் பார்க்கப் போய்விடுவார், திரும்ப வரமாட்டார். ரெசிஸ்டன்ஸில் கடைசிவரை யாருமே அவுட் கிடையாது.

பெட்டி வாங்கணும்னு அவசியமில்லை, ஒரு சீட்டுக்கட்டு போதும். ஐந்து பேர் என்றால் மூன்று சிவப்பு, இரண்டு கறுப்பு எடுத்துக் கலைத்து ஆளுக்கு ஒன்று கொடுங்கள். கறுப்பு வந்தவர்கள் உளவாளிகள். எல்லாரும் கண்ணை மூட வேண்டும். பிறகு உளவாளிகள் மட்டும் கண் திறந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மறுபடி மூட வேண்டும். ஆக, யார் யார் என்பது அந்த இருவருக்குத் தெரியும், மற்ற மூவருக்குத் தெரியாது.

மொத்தம் ஐந்து பணிகள். ஐந்து பேர் ஆட்டத்தில் அவற்றுக்கு முறையே 2, 3, 2, 3, 3 பேர் போகணும். தலைவர் யாரை அனுப்பலாம் என்று சொல்வார், எல்லாரும் ஒரே நேரத்தில் கட்டைவிரலை மேலோ கீழோ காட்டி ஓட்டுப் போடணும். பாதிக்கு மேல் சம்மதித்தால்தான் குழு போகும். இல்லையென்றால் தலைமை அடுத்தவருக்கு. தொடர்ந்து ஐந்து குழுக்களை நிராகரித்தால் உளவாளிகளுக்கு வெற்றி. குழுவில் போனவர்களுக்கு ஆளுக்கொரு சிவப்பு, ஒரு கறுப்பு சீட்டு. அதில் ஒன்றைக் கவிழ்த்துக் கொடுக்கணும். நல்லவர் சிவப்புதான் போடணும், உளவாளி எதையும் போடலாம். கலைத்துத் திறக்கும்போது ஒரு கறுப்பு இருந்தாலும் பணி தோல்வி. மூன்று பணி யாருக்கோ அவருக்கே ஆட்டம்.

இனிமேல்தான் கணக்கு. வீட்டில் அப்பா, அம்மா, அக்கா, நீங்க, தம்பி. நீங்க நல்லவர் என்று உங்களுக்குத் தெரியும். மீதி நான்கு பேரில் இரண்டு உளவாளி, அதாவது சாத்தியமான ஜோடிகள் 6.

அப்பா தலைவர். தன்னையும் அக்காவையும் அனுப்புகிறார். கறுப்பு விழுகிறது. அம்மா–தம்பி ஜோடி அடிபட்டது, மிச்சம் 5. அடுத்து அம்மா தலைவர். 'அக்கா பொய் சொல்ல மாட்டா' என்று அக்கா, நீங்க, அம்மா மூவரையும் அனுப்புகிறார். மறுபடி கறுப்பு. நீங்க போடவில்லை, ஆக அம்மாவோ அக்காவோ. அப்பா–தம்பி ஜோடியும் அடிபட்டது. மிச்சம் அப்பா–அக்கா, அப்பா–அம்மா, அக்கா–அம்மா, அக்கா–தம்பி. நான்கில் மூன்றில் அக்கா இருக்கிறாள்! தம்பி ஒன்றே ஒன்றில்தான்.

இன்னொரு தோல்வி வந்தால் ஆட்டம் முடிந்தது. இப்போது நீங்க தலைவர், இரண்டு பேரை அனுப்பணும். கணக்குப்படி ஒரே பதில், நீங்களும் தம்பியும். ஆனால் சொல்லிப் பாருங்கள், வீடே சிரிக்கும். ரிமோட்டை ஒளித்து வைப்பவன், டியூஷனுக்குப் போகிறேன் என்று கிரிக்கெட் ஆடப் போனவன், அவனையா? அவன் நல்லவனாகவே இருந்தால் உங்க ஓட்டு, அவன் ஓட்டு, இன்னும் ஒரு ஓட்டு வேண்டும். உளவாளிகள் கெடுக்கப் பார்ப்பார்கள். அந்த மூன்றாவது விரல் மீதி இருக்கும் ஒரே நல்லவருடையது. அவருக்கோ நீங்க நல்லவர் என்பதே தெரியாது, அவர் போடும் ஜோடிக் கணக்கு வேறு. அவரை உட்கார வைத்துப் புரியவைக்க முடியுமா என்பதில்தான் மொத்த ஆட்டமும் நிற்கிறது.

என்னைக் கேட்டால், ஹாஸ்டலில் ஆடுவதைவிட வீட்டில் ஆடுவது கஷ்டம், அதனாலேயே ருசி. ரூம்மேட்டை இரண்டு வருஷமாகத்தான் தெரியும். வீட்டிலோ யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது என்று பல வருஷத்துக்கு முன்பே முடிவு பண்ணி வைத்திருக்கிறோம். சீட்டு அந்தப் பழைய முடிவை மதிப்பதில்லை. தலைமை சுற்றி வருவதால், பத்து வயசுப் பையன் 'அப்பா, நீங்க ஏன் அந்தக் குழுவுக்கு ஓகே சொன்னீங்க?' என்று கேட்கலாம், அப்பாவும் பதில் சொல்லியாகணும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கறுப்பு விழுந்தால் அது சாட்சி. எல்லாமே சிவப்பாக வந்தால் அது சாட்சி இல்லை. கெட்டிக்கார உளவாளி முதல் பணியில் சிவப்பு போட்டு நல்ல பெயர் வாங்கிக்கொள்வான். அம்மாக்கள் இதில் பயங்கரம், முகத்தில் ஒன்றுமே தெரியாது!

வீட்டுக்காக இரண்டு ஏற்பாடு. பேச்சை எப்போதும் வயதில் சின்னவரிடம் தொடங்குங்கள். தாத்தா முதலில் பேசினால் எல்லாரும் அவர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். இரண்டாவது, பழைய கதையைச் சாட்சியாகக் கொண்டுவரக் கூடாது. 'போன தீபாவளிக்கு நீ சொன்ன பொய்' என்று யாராவது ஆரம்பித்தால் சீட்டை மடித்துவிட்டு டீ போடுங்கள். பொய்யே சொல்லமாட்டேன் என்கிற பாட்டிக்கு உளவாளிச் சீட்டு வந்தால் வாயே திறக்காமல் ஆடலாம், விதியில் தடையில்லை. பேசாத பாட்டியைப் பிடிப்பதுதான் இருப்பதிலேயே கடினம்.

ஐந்து பேர் ஆட்டம் பழகிய பிறகு சித்தி சித்தப்பா வந்து ஏழு பேர் ஆனால் உளவாளிகள் 3, குழு அளவு 2, 3, 3, 4, 4. அதில் நான்காவது பணி மட்டும் தோற்க இரண்டு கறுப்பு வேண்டும். இதை ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், நடுவில் சொன்னால் சித்தப்பா ஒத்துக்கொள்ள மாட்டார்.