பனியே மூடாக்கு: ஒரு குளிர் மாவட்டத்தின் வெள்ளாமைக் கணக்கு

“வருஷத்துல அஞ்சு மாசம் பனி கொட்டுற ஊர்ல என்னத்தங்க விவசாயம் பண்ணுவாங்க? அதுவும் இயற்கை விவசாயம்?” பயிற்சிக்கு வரும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. அதற்கான பதிலில் நமக்கும் பாடம் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கனடா எல்லையை ஒட்டி மெய்ன் மாநிலம் இருக்கிறது. அதன் வடகோடி மாவட்டம் அரூஸ்டுக். பரப்பு சுமார் 17,700 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி காடு. மக்கள் தொகையோ 2020 கணக்கெடுப்பில் 67,000 சொச்சம்தான். உருளைக்கிழங்குதான் அங்கே உயிர்ப்பயிர். மகள் குடும்பம் அந்தப் பக்கம் இருப்பதால் ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் அங்கே தங்கி, பண்ணைகளைச் சுற்றிப் பார்த்தேன்.

உறைபனியும் பொழிபனியும்

நாம் எல்லாவற்றையும் ‘பனி’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். மார்கழியில் புல்நுனியில் நிற்பது நீர்ப்பனி. இலைமேல் உப்புத் தூவியது போலப் படிவது உறைபனி. வானத்திலிருந்து பஞ்சு மாதிரி விழுவது பொழிபனி. அரூஸ்டுக் உழவருக்கு உறைபனி எதிரி, பொழிபனி கூட்டாளி. இதைப் புரிந்துகொண்டால் பாதி விளங்கிவிடும்.

உறைபனி மேகமில்லாத, காற்றில்லாத இரவில்தான் வரும். மண் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரியே பள்ளம் தேடி ஓடித் தேங்கும். அதனால் மேட்டு வயல் தப்பிக்கும், பள்ளத்து வயல் கருகும். நீலகிரியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் பள்ளத்தாக்குப் புல்வெளிகள் முதலில் வெளுப்பதும் இதனால்தான்.

120 நாள் வெள்ளாமை

காரிபூ என்பது அந்த மாவட்டத்தில் வானிலை நிலையம் உள்ள ஊர். ஜனவரி மாதச் சராசரி வெப்பம் மைனஸ் 12 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். 1955 பிப்ரவரி 1 அன்று மைனஸ் 40-ஐயும் தாண்டியது. மே கடைசி வரை உறைபனி பயம் உண்டு. செப்டம்பர் நடுவில் மறுபடி ஆரம்பித்துவிடும். இடையில் உள்ள சுமார் 120 நாள்தான் வெள்ளாமைக் காலம்.

நாள் குறைவுதான், ஆனால் வெளிச்சம் குறைவில்லை. ஜூன் மாதத்தில் பகல் ஏறக்குறைய 16 மணி நேரம். இரவில் குளிர்ச்சி. பகலில் இலை சமைத்ததை இரவுச் சூடு செலவழிப்பதில்லை, அது கிழங்குக்குப் போய்ச் சேர்கிறது.

ஏப்ரலில் பனி உருகும்போது ஊரே சேறு. அப்போது டிராக்டரை இறக்கினால் மண் இறுகி, அந்த வருஷம் முழுக்கத் தொல்லை. ஒரு பிடி மண்ணை உருட்டிப் பார்ப்பார்கள். உருண்டை உதிர்ந்தால்தான் உழவு. நடவு மே மாதத்தில்.

அறுவடை செப்டம்பர் நடுவில் தொடங்கும். தோல் முற்றுவதற்காக இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே கொடியை அழிக்க வேண்டும். ரசாயன விவசாயிகள் மருந்தடித்துக் காய வைப்பார்கள். இயற்கை விவசாயிகள் கொடியை வெட்டித் தூளாக்குவார்கள் அல்லது தீச்சுவாலை காட்டிக் கருக்குவார்கள். காலையில் கிழங்கு சில்லென்று இருக்கும்போது தோண்டினால் அடிபட்டு உள்ளே கருத்துப்போகும். ஆகவே 7 டிகிரிக்கு மேல் சூடேறும் வரை காத்திருப்பார்கள். நிலம் உறைவதற்குள் முடித்தாக வேண்டும், தவறினால் வருஷ வருமானமே மண்ணுக்குள். அறுவடைக்கென்றே பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விடும் வழக்கம் அங்கே தலைமுறைகளாக உண்டு.

பனிப் போர்வை

காரிபூவில் ஒரு குளிர்காலத்துக்குச் சராசரியாக ஒன்பது அடிப் பனி பொழிகிறது. 2007-08இல் 16 அடியைத் தாண்டியது. புதுப் பனியில் பெரும்பகுதி காற்றுதான். வைக்கோல் மூடாக்கு செய்யும் அதே வேலையை அது செய்கிறது. மேலே மைனஸ் 30 டிகிரி இருந்தாலும், நல்ல கனத்தில் பனி மூடிய மண் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். அக்டோபரில் நட்டு வைக்கோல் போட்ட பூண்டும், தானியத்தோடு விதைத்த குளோவர் பயறும் அந்தப் போர்வைக்குள் தூங்கி, வசந்தத்தில் எழுகின்றன. பனியில்லாமல் வெறும் குளிர் மட்டும் அடித்தால் வேர் செத்துவிடும்.

குளிர் போடும் காவல்

உருளையைத் தாக்கும் பின்பருவ அழுகல் நோய்க் கிருமி, குளிர்காலத்தைக் கடக்க உயிருள்ள கிழங்கு வேண்டும். அறுவடையில் தப்பி மண்ணில் கிடக்கும் கிழங்கு உறைந்து செத்தால் நோயும் சாகும். செலவில்லாத பயிர்ப் பாதுகாப்பு! அசுவினியும் குளிர் நாட்டில் தாமதமாக, குறைவாக வரும். அது பரப்பும் நச்சுயிரி நோயும் குறையும். தரமான விதைக்கிழங்குக்குக் குளிர்ப் பகுதிகளை நாடுவது இதனால்தான்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. மண் உறையும் முன்பே கனமாகப் பனி விழுந்தால், அந்தப் போர்வை தப்புக்கிழங்கையும் சேர்த்தே காப்பாற்றிவிடும். ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் தொகாச்சி பகுதி உழவர்கள் இதற்காகவே வயலில் பனியை வரிவரியாக ஒதுக்கி, மண்ணை உறைய விடுகிறார்கள்.

காவல் தளர்ந்தால்?

குளிர்காலம் சூடேறி வருகிறது. நமக்குக் கேட்க நல்லதாகத் தோன்றும், அங்கே அது நல்ல சேதியில்லை. பனிக்குப் பதில் மழை பெய்தால் போர்வை போச்சு, வெறும் சரிவு நிலத்து மேல்மண்ணும் ஓடும். பூச்சியும் நோயும் தப்பிப் பிழைக்கும். 2020 ஜூனில் காரிபூவில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, அதுவரை பதிவான உச்சத்தைத் தொட்டது. அதே வருஷம் கடும் வறட்சி. வானம் பார்த்தே பயிர் செய்து பழகியவர்கள் பலர் தவித்துப்போனார்கள்.

மண்ணில் மட்கு சேர்த்தவர்களும், உருளைக்குப் பின் ஓட்ஸ், குளோவர் என்று சுழற்சி செய்பவர்களும், அறுவடை முடிந்த கையோடு ரை தானியம் விதைத்து மண்ணை மூடுபவர்களும் இப்படிப்பட்ட வருஷத்தைக் கொஞ்சம் தாங்குவார்கள். மட்குள்ள மண் ஈரத்தைப் பிடித்து வைக்கும், வேருள்ள மண் ஓடாது.

நமக்கு என்ன?

நமக்கு எதிரி வெயில், அவர்களுக்குக் குளிர். மண்ணை மூடி வைப்பது இரண்டு இடத்துக்கும் பொது. அங்கே வானமே மூடாக்குப் போடுகிறது, இங்கே நாம்தான் போட வேண்டும்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்கிறோம். ‘தேடி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நாள்காட்டியில் ஆடி வந்தால் போதாது, மண்ணில் ஈரம் வந்திருக்க வேண்டும். புதிதாக வரும் நண்பர்கள் ஒரு நோட்டும் ஒரு மழைமானியும் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் மழை, முதல் பூச்சி, உங்கள் நிலத்தில் நீர் தேங்கும் பள்ளம் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுங்கள். ஐந்து வருஷம் எழுதினால், உங்கள் வயலுக்கான பட்டம் உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.