அவகாசம் மறுக்கப்பட்ட பதின்பருவம்



கதைகளில் வரும் பதின்பருவத்தினரை உளவியல் கோட்பாடுகளைக் கொண்டு வாசிப்பது பயனுள்ள பயிற்சி. அதே கோட்பாடுகளை ஒடுக்கப்பட்ட கதைமாந்தருக்குப் பொருத்தும்போது என்ன நேர்கிறது என்பதை இரண்டு படைப்புகளின் வழியே பார்ப்போம்.

எரிக் எரிக்சன் 1950இல் வெளியிட்ட ‘குழந்தைப் பருவமும் சமூகமும்’ நூலில் மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தார். ஐந்தாவது கட்டம் பதின்பருவம், ‘நான் யார்?’ என்ற கேள்வி தீவிரமாக எழும் காலம். ஒன்றைச் செய்துபார்த்து, பிடிக்காவிட்டால் விட்டுவிட்டு, வேறொன்றைத் தொடங்கச் சமூகம் இளையோருக்கு ஓர் அவகாசம் தருகிறது என்றார் அவர்.

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவலுக்கு வருவோம். கூளையன் கவுண்டர் பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் அருந்ததியர் சிறுவன். பண்ணைக்காரரின் மகன் செல்வன் பள்ளிக்குப் போகிறான். இருவரும் ஒரே காட்டில் விளையாடுகிறார்கள். ஆனால் எரிக்சன் சொன்ன அவகாசம் செல்வனுக்கு மட்டுமே வாய்க்கிறது. கூளையனின் பகலும் இரவும் பண்ணையத்துக்குச் சொந்தம்.

எரிக்சனின் கருத்தை ஜேம்ஸ் மார்சியா 1966இல் நான்கு அடையாள நிலைகளாக விரித்தார். எதையும் தேடிப்பார்க்காமல், பெரியவர்கள் தந்ததை அப்படியே ஏற்பது அவற்றில் ஒன்று. மேலோட்டமாகப் பார்த்தால் கூளையன் இதில் அடங்குவான். ஆனால் தேடலின் கதவை அவன் சாத்தவில்லை. சாதி அதை வெளியிலிருந்து தாழிட்டிருக்கிறது.

அடுத்து, நாகராஜ் மஞ்சுளே இயக்கிய ‘ஃபன்றி’ (2013) மராத்தித் திரைப்படம். எல்லோரும் தன்னையே கவனிப்பதாகப் பதின்பருவத்தினர் எண்ணிக்கொள்வதை டேவிட் எல்கைண்ட் 1967இல் ‘கற்பனைப் பார்வையாளர்’ என்று விளக்கினார். வயது ஏற ஏற இந்த எண்ணம் தணியும் என்பது அவர் கருத்து. கைக்காடி சமூகச் சிறுவன் ஜப்யா தன் குடும்பத்தோடு பன்றி பிடிக்கும்போது, வகுப்புத் தோழர்கள் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்கிறான். அவனுடைய பார்வையாளர்கள் கற்பனையில் இல்லை. அவர்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள், சிரிக்கிறார்கள். அவன் மனதுக்குள் நேசிக்கும் ஷாலுவும் அங்கே இருக்கிறாள். இறுதியில் அவன் எறியும் கல் திரையிலிருந்து நம்மை நோக்கி வருகிறது.

இதனால் கோட்பாடுகளைத் தூக்கியெறிய வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கு எவற்றைத் தர வேண்டும் என்பதை அவை தெளிவாகச் சொல்கின்றன. ஆகவே அந்த அளவுகோலைப் பிள்ளையின் மீது வைக்கும் முன் ஊரின் மீதும் பள்ளியின் மீதும் வைப்போம். ஒரு விடுதி மாணவர் ஒதுங்கியிருந்தால், சட்டென்று கோபப்பட்டால், ‘முதிர்ச்சி போதாது’ என்று குறிப்பெழுதுவது எளிது. அதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்போம்: இவருக்குத் தேட அவகாசம் இருந்ததா? தவறு செய்து திருத்திக்கொள்ள இடம் இருந்ததா? இவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் யார்?

கதைமாந்தரிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பழகினால், நம் அருகில் அமர்ந்திருக்கும் பிள்ளையிடம் அவசரத் தீர்ப்போடு போக மாட்டோம்.