கட்சிக்காரரைக் கொண்டுவரும் எழுத்து

மளிகை மொத்த வியாபாரி ஒருவருக்குக் கொடுக்கப்பட்ட செக் திரும்பிவிடுகிறது. “அடுத்த வாரம் செட்டில் பண்ணிடறேன் அண்ணே” என்கிறார் கொடுத்தவர். பழகிய முகம். நான்கு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வக்கீலிடம் வருகிறார் வியாபாரி. நாள் தாண்டிவிட்டது.

செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்தவருக்குப் பணம் கட்ட 15 நாள். கட்டாவிட்டால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். செக்கின் ஆயுளான 3 மாதம் முடிவதற்குள் மறுபடி வங்கியில் போட்டிருந்தாலாவது நோட்டீஸுக்குப் புதிதாக நாள் கிடைத்திருக்கும். இப்போது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு கைகொடுக்காது. சிவில் வழக்குதான் மிச்சம்.

இவ்வளவையும் நல்ல தமிழில் ஒரு வக்கீல் எழுதி, அது வியாபாரியின் கண்ணில் பட்டிருந்தால் முதல் வாரமே அவரைத் தேடிப் போயிருப்பார். எழுத்து கட்சிக்காரரைக் கொண்டுவருவது இப்படித்தான். புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களுக்கு நம் நாட்டில் இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

விளம்பரம் செய்ய இங்கே அனுமதி இல்லை. இந்திய பார் கவுன்சிலின் 36-ஆவது விதி நேரடி, மறைமுக விளம்பரம் இரண்டையும் தடுக்கிறது. 2008-இல் வந்த திருத்தம், பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்த வகை வழக்குகள் நடத்துகிறார் என்பன போன்ற விவரங்களை மட்டும் சொந்த இணையதளத்தில் போட இடம் தந்தது. ஆன்லைனில் ஆள் பிடித்துத் தரும் தளங்கள் மீதும் அவற்றில் விளம்பரம் செய்யும் வக்கீல்கள் மீதும் நடவடிக்கை எடுக்க 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆகவே எழுதும்போது கவனம் தேவை. தான் நடத்தும் வழக்கைப் பற்றிப் படத்தோடு எழுதுவது விதிமீறல். ‘என்னிடம் வாருங்கள்’ என்ற தொனியும் கூடாது. குமாஸ்தாவிடம் ஜனங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளே எழுதப் போதும்: பட்டா மாற்றம், வாரிசுச் சான்றிதழ், ஜீவனாம்சம்.

பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு என்பதையும் எழுத வேண்டும். 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது. எழுதினால் சில கட்சிக்காரர்கள் கையைவிட்டுப் போகலாம். போகட்டும். அதைப் படித்துவிட்டு வாசலில் வந்து நிற்கும் பெண்ணுக்கு, கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று காட்டி அனுப்பலாம்.